காலிக் கோட்டையும் கால் ஏக்கர் தேயிலையும்

அக்கரப்பத்தனைக்கு வெளியூர்க்காரர்கள் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள். ஹோல்புரூக் தாண்டி டயகம போகும் பாதையில் வேனை ஓரங்கட்டி இறங்குவார்கள். கொழுந்து எடுக்கும் பெண்களைப் படமெடுப்பார்கள். என் அம்மாவும் அத்தையும் அப்படி எத்தனையோ பேருடைய படங்களில் இருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் மலையில் நின்ற அந்த இரண்டு பேரும், 2018 வரைக்கும் ஓர் ஊரைப் பார்ப்பதற்கென்று ஒரு தடவையாவது புறப்பட்டதில்லை. போன இடமெல்லாம் காரியமாகப் போன இடம்தான். நுவரெலியா ஆஸ்பத்திரி, தலவாக்கலை பேங்க், தீபாவளிக்குச் சேலை எடுக்க ஹட்டன், நேர்த்திக்கு மாத்தளை முத்துமாரியம்மன் தேர்.

2018 தை மாதம் அம்மாவின் ஈ.பி.எஃப். காசு கைக்கு வந்தது. அதில் கொஞ்சத்தை எடுத்து மூன்று பேரும் காலிக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். தம்பி அங்கே கோட்டைக்குள் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தான். அம்மாவைச் சம்மதிக்க வைக்க அந்தக் காரணம் போதும். எனக்கு வேறொரு காரணமும் இருந்தது.

கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் கொழும்பு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு கற்பலகையின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். சீனக் கடலோடி செங் ஹே கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டது. ஒரே முகத்தில் சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் இஸ்லாத்தின் பெயரால் காணிக்கை, தமிழில் தெனாவரை நாயனாருக்குக் காணிக்கை. தெனாவரை என்பது இன்றைய தெவுந்துறை, இலங்கையின் தெற்கு முனை. 1911இல் காலி நகரத்தில்தான் இந்தக் கல் கிடைத்தது. ஏதோ ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்திருக்கிறது. தெற்கே, சிங்கள ஊர் என்று மட்டுமே நான் நினைத்திருந்த ஒரு துறைமுகத்தில், அறுநூறு வருஷத்துக்கு முன்னால் வியாபாரம் பேசத் தமிழும் வேண்டியிருந்தது. அந்த ஊரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்று தொடங்கியது. போர் முடியும்வரை அது நடக்கிற காரியமாக இல்லை. அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம் இருந்தால், தெற்கே போகிற ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பதில் சொல்லியாக வேண்டிய காலம் அது.

தலவாக்கலையில் பதுளை இரவு மெயிலைப் பிடித்து விடியற்காலை கொழும்புக் கோட்டையில் இறங்கி, காலிக் கோச்சி ஏறினோம். கொள்ளுப்பிட்டி தாண்டும்போதே கடல் ஜன்னலுக்கு வந்துவிட்டது. அத்தை கடலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் வியந்து ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "தண்டவாளத்த ஏன் புள்ள இம்புட்டுக் கிட்டத்துல போட்டாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையில் பெரலிய என்ற இடத்தில், 2004 டிசம்பர் 26ஆம் திகதி இதே பாதையில் வந்த ரயிலைக் கடல் தூக்கிப் புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரு கோச்சியில் செத்துப்போனார்கள். அப்போது எங்கள் தோட்டத்திலும் லயம் லயமாகப் போய் அரிசியும் உடுப்பும் சேர்த்து லொறியில் அனுப்பினோம். பெரலியவில் நினைவுச்சின்னம் இருக்கும் இடம் வந்தபோது அதை அத்தைக்குச் சொன்னேன். அவர் கைகூப்பினார்.

அம்மா பேசாமல் வந்தார். அம்மாவைப் பொறுத்தவரை துறைமுகம் என்றால் தலைமன்னார்தான். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் தோட்டத் தமிழரான எங்களைப் பங்கு போட்டுக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, அம்மாவின் மூத்த அக்கா குடும்பம் எழுபதுகளில் இந்தியாவுக்குப் போனது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அம்மா தலைமன்னாரைப் பார்த்ததில்லை. தலவாக்கலை ஸ்டேஷனில் நின்று கையசைத்ததோடு சரி. ஆனாலும் கப்பல், துறைமுகம் என்று யாராவது சொன்னால் அவர் முகம் வாடும்.

காலி ஸ்டேஷனில் தம்பி காத்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து கோட்டை நடக்கிற தூரம்தான். வலது பக்கம் கிரிக்கெட் மைதானம், எதிரே கருத்த மதில். அந்த மதிலைக் கண்டதும் எங்கள் மூன்று பேருக்கும் நடை தானாகவே மெதுவாகியது. போர்த்துக்கேயர் 1588இல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1640இல் அதை டச்சுக்காரர் பிடித்து, கல்லும் பவளப்பாறையும் சுண்ணாம்பும் சேர்த்துப் பெருக்கினார்கள். 1796இல் வெள்ளைக்காரன் கைக்கு மாறியது. 14 கொத்தளங்கள். நாங்கள் நுழைந்த பெரிய வாசல் 1873இல் வெள்ளைக்காரர் திறந்தது. துறைமுகப் பக்கம் இருக்கும் பழைய வாசலின் உட்புறத்தில் டச்சுக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. சின்னத்தின் மேல் ஒரு சேவல் நிற்கிறது.

சுனாமி அன்று மைதானமும் பஸ் நிலையமும் கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீரில் போயின. மதிலுக்குள் இருந்த ஊரைக் கோட்டை காப்பாற்றியது. அந்நியன் அந்நியனுக்குப் பயந்து கட்டிய சுவர், முன்னூறு வருஷம் கழித்து உள்ளே குடியிருந்த சாதாரண சனங்களுக்குக் காவலாக நின்றிருக்கிறது. இதை எங்களுக்குச் சொன்னவர், உள்ளே ஒரு சந்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். அம்மாவும் அத்தையும் பேசுவது காதில் விழுந்ததும், "எங்கேந்து வாரீங்க தங்கச்சி?" என்று தமிழில் கேட்டார். கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. வெளிச்சவீட்டுக்கு எதிரே அவர்களுடைய மீரான் பள்ளிவாசல். 1904இல் கட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் மாதா கோயில் போலத் தெரியும். பெரியவர் வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் ஏலமும் சேர்ந்த அந்தப் பலகாரத்தை நோன்புப் பெருநாளுக்குத் தலவாக்கலைக் கடைக்காரர் வீட்டிலிருந்து எங்களுக்கு அனுப்புவார்கள். அம்மா அதைத்தான் சொன்னார். அதற்குப் பிறகு காசு வாங்கப் பெரியவர் மறுத்துவிட்டார்.

டச்சுத் தேவாலயம் 1755இல் கட்டியது. உள்ளே தரையெல்லாம் கல்லறைக் கற்கள். பெயரும் வருஷமும் மண்டையோடும் செதுக்கிய கற்களின் மேல்தான் நடந்து போக வேண்டும். அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கல்லுக்குக் கல் இடைவெளி பார்த்துக் கால் வைத்து வந்தார். வேறு யாரும் அப்படி நடக்கவில்லை. எங்கள் பக்கம் தேயிலை மலைக்கு நடுவில் வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறைகளைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்களைப் புதைத்த இடங்களில் பெயர் எழுதிய கல் அபூர்வம். பல இடங்களில் மேலே தேயிலையே நட்டுவிட்டார்கள். அத்தையின் மாமனாரைப் புதைத்த இடத்தில் இன்று கொழுந்து எடுக்கிறார்கள். அவர் அப்படிக் கால் பார்த்து நடந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

பழைய வாசலை ஒட்டிய நீளமான கட்டடம் கம்பனியின் பண்டகசாலை. கறுவாவும் மற்றச் சரக்கும் அடுக்கி வைத்த இடம் இப்போது கடல்சார் அருங்காட்சியகம். 1659இல் இந்தத் துறைமுகத்திலேயே பாக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது நங்கூரம் நழுவி மூழ்கிய அவோண்ட்ஸ்டர் என்ற கப்பலிலிருந்து எடுத்த பொருட்கள் அங்கே இருக்கின்றன. அந்தக் காலத்தில்தான் தஞ்சைப் பக்கம் பஞ்சம் தாங்காமல் தங்களையே விற்ற சனங்களைக் கம்பனி வாங்கிக் கப்பலேற்றி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பியது. எங்கள் முன்னோர் கோப்பித் தோட்டத்துக்கு வருவதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முந்திய கதை. ஒரே கரை, ஒரே பசி. கண்ணாடிப் பெட்டிகளில் பீங்கானும் பீரங்கிக் குண்டும் பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தச் சனங்களையும் யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இப்போது நான் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

இந்தக் கோட்டை இடியாமல் மிஞ்சியதற்கும் எங்கள் மலைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நீராவிக் கப்பல்கள் ஒரு காலத்தில் காலியில்தான் நின்றன. கொழும்பில் அலைதடுப்பு மதிலுக்கு 1875இல் அடிக்கல் வைத்து, 1885இல் கட்டி முடித்தார்கள். மலைநாட்டு ரயில் நானுஓயாவுக்கு வந்ததும் அதே 1885இல்தான். தேயிலைப் பெட்டி ரயிலேறி நேராகக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கத் தொடங்கியது. கப்பல்கள் காலியை விட்டுப் போயின. வியாபாரம் போன ஊரில் இடித்துக் கட்ட யாருக்கும் அவசரம் இல்லை. டச்சுக்காலத் தெருக்கள் அப்படியே நின்றன. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்தது. மத்தியதரைக் கடலோரத்தில் வலெட்டா, டுப்ரோவ்னிக் என்று மதில் சூழ்ந்த துறைமுகங்களைப் பார்த்துவிட்டு வருகிற வெள்ளைக்காரர்கள், இங்கே வந்தால் அந்த ஊர்களின் ஞாபகம் வருகிறது என்று சொல்வதாகத் தம்பி சொன்னான்.

அவன் வேலை செய்த கடையிலும் அந்தக் கரைச் சாப்பாடுதான். ஒலிவ் எண்ணெய், சுட்ட மீன், விறகடுப்பில் வேகும் பீட்சா. மத்தியானச் சனம் குறைந்த பிறகு எங்களைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போனான். மாவு பிசையும் மேசை அவனுடையது. கையால் அழுத்தி, புரட்டி, மடித்து, மறுபடி அழுத்தினான். அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். அம்மா மலைக்குப் போகிற நாட்களில், பத்து வயதில் லயத்து அடுப்பங்கரையில் ரொட்டிக்கு மாவு பிசைந்த பையன் இவன். உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தள்ளுகிற அந்தத் தள்ளு மாறவே இல்லை. வெள்ளைக்காரர் விரும்பிச் சாப்பிடுகிற அப்பத்துக்கு அக்கரப்பத்தனை ரொட்டிக் கை. எனக்குப் பெருமையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

முதலாளி எங்களுக்கு மேசை போடச் சொன்னார். அம்மா மறுத்துவிட்டார். வேலைக்காரர்கள் சாப்பிடுகிற இடத்திலேயே உட்கார்ந்தோம். அவர்களுக்குச் சமைத்த சோறு, பருப்பு, அம்புல் தியல். அம்புல் தியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பலயா மீனையோ கெலவல்லாவையோ சதுரம் சதுரமாக வெட்டி, கொறுக்காப்புளியை அரைத்து, மிளகும் உப்பும் சேர்த்துப் பிரட்டி, மண்சட்டியில் மெல்லிய நெருப்பில் தண்ணீர் சுண்டும்வரை விடுவார்கள். துண்டுகள் கருத்து, உதிராமல் நிற்கும். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் மீனை நாள் கணக்கில் கெடாமல் வைக்கத் தென்பகுதிக்காரர் கண்ட வழி. புளிப்பு முதலில் வரும். மிளகு பின்னால் வந்து தொண்டையில் நிற்கும். எங்கள் மலைக்குக் கடல் கருவாடாகவும் நெத்தலியாகவும் டின் மீனாகவும்தான் வரும். பச்சை மீன் லொறியில் வந்து சேரும்போது அதன் கண் சிவந்திருக்கும். அன்று பிடித்த மீனின் ருசி அம்மாவுக்கு அறுபதை நெருங்கும் வயதில் கிடைத்தது. அம்மா கட்டிக்கொண்டு வந்திருந்த ரொட்டியையும் உள்ளிச் சம்பலையும் நடுவில் வைத்தார். குசினிப் பையன்கள் அம்புல் தியலை ரொட்டியில் வைத்துச் சுருட்டிச் சாப்பிட்டார்கள். ஒரு துண்டு மிஞ்சவில்லை.

பிறகு அந்தக் கடைத் தேத்தண்ணி வந்தது, பீங்கான் கூஜாவில். விலைப்பட்டியலை நான் பார்த்திருந்தேன். அன்றைக்கு மலையில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. கொழுந்து குறைந்து அரைப் பேர் விழுந்தால் அதிலும் பாதி. அந்த ஒரு கூஜாவின் விலை அரைப் பேரைவிட அதிகம். அத்தை அப்போதும் வேலையில் இருந்தவர். அவரிடம் விலையை நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் குடித்திருக்க மாட்டார். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது நம்ம பக்கத்துத் தூள் இல்ல" என்றார். தம்பி விசாரித்தான். சரிதான், அது காலி மாவட்டத்துத் தாழ்நிலத் தேயிலை. நிறம் கருத்து, கட்டியாக, வாயை நிரப்பும். எங்கள் அக்கரப்பத்தனைத் தேயிலை மெல்லிய நிறம். வாசம் முதலில் மூக்குக்குத்தான் வரும்.

சாயங்காலம் மதில் மேல் நடந்தோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மைதானம். 2010 ஜூலை 22ஆம் திகதி முத்தையா முரளிதரன் தன் எண்ணூறாவது விக்கெட்டை எடுத்தது அந்த மைதானத்தில். ஓஜா அடித்த பந்தை மஹேல பிடித்தார். அதுதான் அவருடைய கடைசி டெஸ்ட், கடைசிப் பந்து. முரளியின் பாட்டனாரும் தேயிலைத் தோட்டத்துக்கென்று இந்தியாவிலிருந்து வந்தவர். ஸ்கூல் விட்ட பையனாக இருந்த தம்பி அன்று லயத்து டிவியில் அதைப் பார்த்துவிட்டுப் பீலிக்கரை வரைக்கும் கத்திக்கொண்டே ஓடினான். இந்த மதில் மேல் காசு கொடுக்காமல் நின்று மேட்ச் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டுத்தான் காலியில் வேலை தேடியதாக அன்றைக்குத்தான் எங்களிடம் சொன்னான்.

பயணம் அத்தோடு முடிந்திருந்தால் அழகான ஊர், நல்ல சாப்பாடு என்று நின்றிருக்கும். தம்பியோடு வேலை செய்த சிங்களப் பையன் ஒருவன், மறுநாள் தன் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். பத்தேகம பக்கம், காலியிலிருந்து பஸ்ஸில் உள்ளே போக வேண்டும். ஜிங் கங்கை ஓரமாக வயல், தென்னை, கறுவா. அவற்றுக்கிடையே, வீடுகளின் முற்றம் வரைக்கும் தேயிலை.

பஸ்ஸிலேயே அத்தை எழுந்து நின்றுவிட்டார். தேயிலை என்றால் மலை, மலை என்றால் தோட்டம், தோட்டம் என்றால் துரையும் கங்காணியும் ஸ்டோரும் லயமும். அவர் பார்த்த தேயிலை எல்லாம் அப்படித்தான். இங்கே தேயிலை வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், கிணற்றடியில் நின்றது. இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேல் இப்படிச் சிறு நிலக்காரர்கள் வளர்ப்பது என்று பாடப்புத்தகத்தில் நான் படித்திருக்கிறேன், படிப்பித்தும் இருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அந்தப் பையனின் அம்மாவுக்கு இருந்தது கால் ஏக்கர். அவருடைய பெயரில் உறுதி எழுதிய காணி. சோறும் பலாக்கொட்டைக் கறியும் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் வைத்து எங்களைச் சாப்பிட வைத்தார். அத்தைக்குச் சாப்பாட்டில் மனம் போகவில்லை. கையைக் கழுவியதும் பின்பக்கம் போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது இரண்டு பேரும் ஆளுக்கொரு நிரையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் விரல்கள் ஓடும் வேகத்தைப் பார்த்து அந்த அம்மா தன் வேலையை நிறுத்திவிட்டார். அத்தைக்குத் தெரிந்த கொஞ்சம் சிங்களத்திலும், மிச்சம் தம்பி வாயிலாகவும் பேச்சு நடந்தது.

"அக்கே, இத யாரு நிறுக்கிறது?"

"லொறி வரும். என் கண் முன்னால நிறுத்து, புத்தகத்துல எழுதிட்டுப் போவாங்க."

"கூடைக்கு, தண்ணிக்குன்னு கிலோ கழிக்க மாட்டாங்களா?"

கொஞ்சம் கழிப்பார்கள், அதிகமாகக் கழித்தால் வேறு லொறிக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் அந்த அம்மா.

"இன்னிக்கு ஒடம்புக்கு முடியாம எடுக்கலன்னா?"

"நாளைக்கு எடுக்கிறது."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். "கேட்டியா புள்ள" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா பணக்காரி அல்ல. வீட்டுக்கு இன்னும் பூச்சுப் பூசியிருக்கவில்லை. உரம் விலை ஏறியதைப் பற்றிக் குறைப்பட்டார். கொழுந்து விலை விழுந்த மாதங்களைப் பற்றியும் சொன்னார். ஆனாலும் அவர் எழுந்திருக்கும் நேரத்தை, வேலைக்குக் கூப்பிட அடிக்கும் பெரட்டுத் தப்பு தீர்மானிப்பதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வேலை, ஒரே விரல் காய்ப்பு. காணி மட்டும் ஒருவர் பெயரில் இருந்தது. நூற்றைம்பது வருஷமாக எங்களுக்குக் கிடைக்காதது அந்த ஒன்றுதான். சம்பளத்துக்கு எத்தனை போராட்டம் நடத்தியும் நாங்கள் லயக் காம்பராவிலேயே நிற்பதற்குக் காரணமும் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திரும்பும் கோச்சியில் கோட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. நாவலப்பிட்டி தாண்டி ஏற்றம் தொடங்கியபோது, அத்தை புதுவீட்டுத் திட்டத்தைப் பற்றிக் கேட்டார். லயத்துக்குப் பதிலாக ஆளுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்று அரசாங்கம் தொடங்கியிருந்த திட்டம் அது. எங்கள் டிவிஷனிலும் பெயர் எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். "ஏழு பேர்ச்சஸ்ல எத்தன தேயில வைக்கலாம்?" என்றார். நான் கணக்குப் போட்டேன். ஏழு பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 போனால் மிச்சம் 1,350. நாலடிக்கு இரண்டடி என்று நட்டால் நூற்றைம்பது செடிக்கு மேல் வரும்.

"அந்தக் கொழுந்த யாரு வாங்குவா? ஸ்டோர்ல எடுப்பானா?" என்றார் அம்மா. "லீக்ஸ் போட்டா மூணு மாசத்துல காசு."

"லீக்ஸ் மழையில அழுகும் மதினி."

"தேயில கொழுந்து எடுக்க மூணு வருஷம் நிக்கணுமே."

"நிக்கிறேன். முப்பது வருஷம் நிக்கலையா?"

வட்டவளை, ஹட்டன் எல்லாம் அந்தப் பேச்சிலேயே போயின. பாதிக்குத் தேயிலை, பாதிக்கு லீக்ஸ் என்று தலவாக்கலை வருவதற்குள் முடிவாகியது. வீட்டுப் பட்டியலில் அத்தையின் பெயர் எத்தனையாவதாக இருக்கிறதென்று தோட்டத் தலைவரிடம் கேட்டு வருவது என் பொறுப்பு.